கண்ணாடித் தொட்டி மீனும் ஊர் ஏரியும்

சென்னை நகரில் தியாகராய நகர் என்று இன்று வழங்கும் பகுதி, நூறு ஆண்டுகளுக்கு முன்னர் நீர் நிறைந்த ஏரியாக இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த ஏரியின் ஒரு பகுதியை, 1920-களில் நீரை வடித்து மேடாக்கி, அதன்மீது தெருக்களும் பூங்காக்களும் அமைத்தனர். ஏரி போயிற்று, அதில் துள்ளிய கெண்டையும் விராலும் போயின. இன்று அதே தெருக்களிலும், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும், எண்ணற்ற வீடுகளின் கூடங்களில் கண்ணாடித் தொட்டிகள் ஒளிவீசுகின்றன. அவற்றில் நீந்தும் மீன்களுள் பல நம் நாட்டினவல்ல. தென் அமெரிக்க ஆறுகளிலும் ஆப்பிரிக்க ஏரிகளிலும் பிறந்த குலத்தைச் சேர்ந்தவை.

நகரத்தார் பொழுதுபோக்குக்காக வளர்க்கும் மீன்களைப் பற்றிக் கிராமத்து விவசாயிகளும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் ஏன் அறிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி எழலாம். இதற்குக் காரணங்கள் இரண்டு. இம்மீன்களை முறையாக வளர்த்து விற்பது கிராமக் குடும்பங்களுக்கு ஒரு நல்ல துணைத் தொழிலாகும். அதே மீன் தவறான இடத்தில் விடப்பட்டால், ஊர் ஏரியின் மீன்வளமும் கரையும் கெடும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு மீன்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

கவசம் பூண்ட குடும்பம்

நம் ஊர்க் கெளுத்தியையும் தேளியையும் அறியாத விவசாயி இல்லை. இவற்றின் உடலில் செதில் கிடையாது. தோல் வழுவழுப்பாக இருக்கும். ஆனால் தென் அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவின் ஒரு பகுதியிலும் வாழும் ஒரு கெளுத்திக் குடும்பத்துக்கு உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. போர்வீரன் அணியும் மார்புக் கவசத்துக்கு லத்தீன் மொழியில் லோரிகா என்று பெயர். அதைக்கொண்டு இக்குடும்பத்துக்கு லோரிகேரியிடே என்று விஞ்ஞானிகள் பெயரிட்டனர். உலகிலுள்ள கெளுத்திக் குடும்பங்களுள் இதுவே மிகப் பெரியது; இதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுகூட இந்தியாவுக்கு இயற்கையாக உரியதன்று.

இக்குடும்பத்தில் ஒரு பிரிவுதான் சாட்டைவால் கெளுத்தி. தலை தட்டையாகவும், உடல் மெலிந்து நீண்டும், வால் சாட்டையைப் போல் ஒடுங்கியும் இருக்கும். சில இனங்களில் வால் துடுப்பின் நுனியிலிருந்து ஒரு நூல் போன்ற இழை நீண்டு தொங்கும். காய்ந்த சுள்ளியோ உதிர்ந்த இலையோ என்று ஐயுறும் வண்ணம் அசையாமல் மணலில் படிந்து கிடப்பது இதன் இயல்பு. வாய் தலையின் கீழ்ப்புறத்தில் உறிஞ்சுகுழி போல் அமைந்திருக்கும். ஓடும் நீரில் கல்லையும் கட்டையையும் அவ்வாயால் பற்றிக்கொண்டு, மேலே படிந்த பாசியையும் சிற்றுயிர்களையும் சுரண்டித் தின்னும்.

புதிய இனம் என்பது எவ்வாறு?

சாட்டைவால் மீன்களில் ரினெலோரிகாரியா என்னும் பேரினத்தில் மட்டும் 60-க்கு மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. இன்னும் புதியவை கண்டறியப்பட்டு வருகின்றன. புதிய இனம் என்றால் புதிதாகத் தோன்றிய மீன் என்று பொருளல்ல. ஆற்றில் நெடுங்காலமாக வாழ்ந்துவந்த மீனை, இது வேறு எதனோடும் ஒவ்வாத தனி இனம் என்று ஆராய்ந்து உலகுக்கு அறிவிப்பதே இதன் பொருள்.

உதாரணமாக, பிரேசில் நாட்டில் ரியோ நீக்ரோ ஆற்றில் கலக்கும் தராஆ என்னும் ஆற்றில் கிடைத்த ஒரு சாட்டைவால் மீனுக்கு 2008-ஆம் ஆண்டில் ரினெலோரிகாரியா தராஹா என்று பெயர் சூட்டப்பட்டது. அதன் மார்புத் துடுப்பில் கிளைத்த கதிர்கள் ஏழு உள்ளன. கீழுதட்டில் விரல் போன்ற சிறு முளைகள் உள்ளன. வயிற்றுப்புறத் தகடுகளின் அமைப்பும் தனித்தன்மை வாய்ந்தது. இவ்வாறு கதிர்களையும் தகடுகளையும் எண்ணி, உடலை அளந்து, பிற இனங்களோடு ஒப்பிட்டு, மூல மாதிரியை ஒரு காட்சிச்சாலையில் பாதுகாத்து வைத்த பின்னரே பெயர் நிலைபெறும்.

நம் நாட்டு மீன்களுக்கும் இவ்வாறே பெயர் அமைந்தது. தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீன்களைக் கொண்டு, நம் தேளிக்கும் கோடு போட்ட சிறு கெளுத்திக்கும் 1794-ஆம் ஆண்டில் ப்ளாக் என்ற ஜெர்மானிய அறிஞர் பெயரிட்டார். பின்னர் சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட பெருநூலில் இந்திய மீன்களை விரிவாக வகைப்படுத்தினார். இன்று மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையம் இவ்வகைப் பணியில் ஈடுபட்டிருக்கிறது.

மீனின் சரியான பெயரை அறிவது அறிஞர்களுக்கு மட்டும் உரிய காரியம் என்று எண்ணலாகாது. பெயர் தெரிந்தால்தான் அது எவ்வளவு வளரும், எதைத் தின்னும், எங்கே முட்டையிடும் என்பவை தெரியவரும். பெயர் தெரியாமல் வாங்கிய மீனால் விளையும் தீங்கைப் பின்னர் காண்போம்.

தொட்டியில் வளர்க்கும் முறை

கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் சாட்டைவால் மீன் 4 முதல் 6 அங்குலம் வரை வளரும். சாதுவான மீன், பிற மீன்களைத் துன்புறுத்தாது. இதை வளர்க்க விரும்புவோர் கவனிக்கவேண்டியவை வருமாறு:

தொட்டி: 3 அடி நீளமும் 1 அடி அகலமும் ஒன்றேகால் அடி உயரமும் உள்ள தொட்டியில் சுமார் 100 லிட்டர் நீர் கொள்ளும். நான்கைந்து மீன்களுக்கு இது போதும். நீரின் எடையே 100 கிலோவாகும் என்பதால், தொட்டியை வைக்கும் மேசை உறுதியாக இருத்தல் வேண்டும். மீன் தரையிலேயே வாழ்வதால் தொட்டியின் உயரத்தைவிட அகலமே முக்கியம்.

அடித்தளம்: கூரிய ஜல்லி ஆகாது, உதடும் வயிறும் புண்படும். சலித்துக் கழுவிய மெல்லிய ஆற்றுமணலை இரண்டு அங்குலம் பரப்பவேண்டும். நீரில் நன்கு ஊறிய மரக்கட்டை ஒன்றும், ஒளிந்துகொள்ள மூங்கில் குழாய்த் துண்டுகளும் இடவேண்டும்.

நீர்: சென்னையில் குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் மீன் மூச்சுத் திணறி இறக்கும். அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்துக் காற்றூட்டியோ, குளோரினை முறிக்கும் மருந்தை அளவோடு இட்டோ பயன்படுத்தவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. அத்துடன் மழைநீரைக் கலந்தால் பதமாகும். 2003-ஆம் ஆண்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின்னர், நகர வீடுகள் பலவற்றில் இதற்கு வசதி ஏற்பட்டுள்ளது. கூரையிலிருந்து வரும் முதல் மழை நீரை மட்டும் விலக்கிவிடவேண்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுவது நலம். முழு நீரையும் ஒரே நாளில் மாற்றுவது தீது. கழிவை முறிக்கும் நுண்ணுயிர்கள் அதனால் அழிந்துபோகும்.

வெப்பம்: 24 முதல் 28 டிகிரி வரை ஏற்றது. சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னையில் தொட்டி நீர் 30 டிகிரியைக் கடந்துவிடும். நீர் சூடேறினால் அதில் கரையும் பிராணவாயு குறையும். ஓடும் நீரில் பழகிய இம்மீனுக்கு இதுவே பெரும் ஆபத்து. வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்து, காற்றூட்டும் கருவியை இரவும் பகலும் இயக்கவேண்டும். மின்சாரம் தடைப்படும்போது நீரைக் குவளையால் முகந்து உயரத்திலிருந்து ஊற்றியேனும் காற்றேற்றவேண்டும்.

உணவு: தொட்டியின் பாசியே இதற்குப் போதும் என்பது தவறான எண்ணம். அடியில் மூழ்கும் தீனி வில்லைகளோடு, வெந்நீரில் வாட்டிய வெள்ளரி, பீர்க்கங்காய், கீரைத் தண்டு ஆகியவற்றையும், வாரம் இருமுறை சிறு புழுத் தீனியையும் கொடுக்கலாம். மாலை விளக்கணைத்த பின்னர் இடுவது சிறந்தது. ஏனெனில் பகலில் சுறுசுறுப்பான மீன்கள் முந்திக்கொள்ளும். எஞ்சிய காயைக் காலையில் எடுத்துவிடவேண்டும்.

நோய்: தாமிரம் கலந்த மருந்தும் மிகுதியான உப்பும் இக்குடும்ப மீன்களுக்கு ஒவ்வா. தொட்டியிலுள்ள வேறு மீனுக்கு மருந்திடும்போது இவற்றைத் தனியே பிரித்து வைப்பது நன்று.

குஞ்சு பொரிப்பும் வருவாயும்

வளர்ந்த ஆண் மீனின் கன்னத்தில் தாடி போல் முட்கள் அரும்பும். பெண்ணுக்கு அவை இல்லை. பெண் மீன் மூங்கில் குழாய்க்குள் முட்டையிட்டு விலகிவிடும். முட்டைகளைத் துடுப்பால் விசிறிக் காத்து நிற்பது தந்தையே. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின்னர்க் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்குப் பாசி படிந்த கற்களையும், பொடித்த தீனியையும், அரைத்த கீரையையும் அளிக்கலாம். குஞ்சுப் பருவத்தில் நீர் கெட்டால் ஒரே இரவில் எல்லாம் மடிந்துபோகும். எனவே நாள்தோறும் சிறிதளவு நீரை மாற்றிவரவேண்டும்.

சென்னையில் வண்ணமீன் வாணிபத்துக்குப் பேர்பெற்ற இடம் கொளத்தூர். அங்கு விற்பனையாகும் மீன்களில் கணிசமான பகுதி, சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சிற்றூர்களிலும் சிமெண்டுத் தொட்டிகளில் வளர்க்கப்பட்டவை. வீட்டுப் புறக்கடையில் சிறு இடமும், நல்ல நீரும், நாள்தோறும் கவனிக்கும் பொறுமையும் உடைய பெண்கள் இத்தொழிலில் சிறந்து விளங்குகின்றனர். 2020-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வண்ணமீன் வளர்ப்புக்கும் இடமளிக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியமாக வரையறுக்கப்பட்டன. இத்தொழிலில் இறங்க எண்ணுவோர், நடப்பிலுள்ள உதவிகளை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முதல் போடவேண்டும்.

ஒரே பெயரில் இரண்டு மீன்கள்

இனி எச்சரிக்கைக்கு வருவோம். கடைகளில் "டேங்க் கிளீனர்" என்றும் "சக்கர்" என்றும் சொல்லி விற்கப்படும் மீன் ஒன்று உண்டு. விரலளவு குஞ்சாகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும். தொட்டியின் பாசியைத் தின்று கண்ணாடியைத் துலக்கிவிடும் என்பதால் எல்லோரும் வாங்குகின்றனர். இதுவும் கவசக் குடும்பத்தைச் சேர்ந்ததே. சாட்டைவால் மீனின் உறவுதான். ஆனால் குணத்திலும் அளவிலும் வேறு. டெரிகோப்ளிக்திஸ் என்பது இதன் விஞ்ஞானப் பெயர். முதுகுத் துடுப்பு பாய்மரம் போல் அகன்று விரியும். உடலெங்கும் புள்ளிகளும் கோடுகளும் இருக்கும்.

விரலளவில் வாங்கிய இம்மீன் ஒன்றரை அடி வரை வளரும். சில ஆண்டுகளில் தொட்டி கொள்ளாமற் போகிறது. கொல்ல மனம் வருவதில்லை. கடைக்காரர் திரும்ப வாங்குவதில்லை. ஆகவே அதை ஒரு வாளியில் எடுத்துச் சென்று கோயில் குளத்திலோ, அடையாற்றிலோ, ஊருக்குப் போகும்போது ஏரியிலோ விட்டுவிடுகின்றனர். குளத்து மீனுக்குப் பொரி இடுவதைப் புண்ணியமாகக் கருதும் நம் மக்களுக்கு, ஓர் உயிரை நீரில் விடுவது ஜீவகாருண்யமாகவே தோன்றும். அவர்கள் மனம் நல்லதே. எனினும் ஓர் உயிருக்குக் காட்டிய இரக்கம், அந்நீரில் வாழும் ஆயிரம் உயிர்களுக்குக் கேடாக முடிகிறது.

ஏரியில் நேர்வது என்ன?

இம்மீனின் இரைப்பை, காற்றை விழுங்கி மூச்சுவிடவும் பயன்படுகிறது. அதனால் சாக்கடை கலந்த நீரிலும், வற்றிய சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும். நீரைவிட்டு எடுத்துப் போட்டாலும் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். கவசத்தை உடைத்துத் தின்னக்கூடிய பகை நம் நீர்நிலைகளில் அரிது. போர்ட்டோ ரிக்கோ தீவில் இதை விழுங்க முயன்ற கூழைக்கடாக்கள், முள் தொண்டையில் சிக்கி இறந்தன என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர்.

முட்டையிடுவதற்காக இம்மீன் கரையைக் குடைந்து வளை தோண்டுகிறது. ஒரு வளை நான்கு அடி ஆழம் வரை செல்லும். பக்கம் பக்கமாகப் பல வளைகள் தோண்டப்பட்டால், மண் கரை உள்ளுக்குள் புழுத்த மரம் போலாகிவிடும். நீர் ததும்பும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அத்தகைய கரை சரியக்கூடும் என்பதை விவசாயிகளுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நண்டு வளையையும் எலி வளையையும் அடைத்துப் பழகிய அவர்கள், இதன் தீமையை நன்கு உணர்வார்கள்.

வலை வீசுவோருக்கு நேரும் நஷ்டமும் பெரிது. முள்ளும் தகடும் வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். அடிப் பாசியையும் மட்கிய பொருள்களையும் இம்மீனே தின்றுவிடுவதால், அவற்றை நம்பிய நம் மீன்களுக்கு இரை குறைகிறது. மெக்சிகோ நாட்டின் இன்பியர்னியோ நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் திலேப்பியா மீன்பிடிப்புக்குப் புகழ்பெற்றது. இக்கவசக் கெளுத்தி பரவிய பின்னர், வலையில் விழுவது பெரும்பாலும் விலைபோகாத இம்மீனாகவே ஆயிற்று; மீனவக் குடும்பங்கள் வாழ்வு இழந்தன.

அயல்நாட்டுச் செய்திதானே என்று நாம் இருந்துவிட முடியாது. திருவனந்தபுரத்துச் சாக்கை கால்வாயிலும், கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களிலும், சென்னையைச் சுற்றியுள்ள நீர்நிலைகளிலும் இம்மீன் காணப்பட்டுள்ளது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் விஞ்ஞானிகள், ஏரி நீரை முகந்து அதில் கலந்துள்ள மரபுப்பொருளைச் சோதித்து, மீனைக் கண்ணால் காணாமலே அது இருப்பதைக் கண்டறியும் முறையில், கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியின் பல நீர்நிலைகளில் இது பரவியிருப்பதைத் தெரிவித்துள்ளனர்.

அயல் மீன் ஒன்று ஏரியில் புகுந்தால் திரும்ப வெளியேற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. 1952-ஆம் ஆண்டில் உணவுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியாவே இன்று ஜிலேபிக் கெண்டை என்ற பெயரில் நம் குளங்களில் நிறைந்திருக்கிறது. அது உண்ணவேனும் பயன்படுகிறது. கவசக் கெளுத்தியையோ நம் சந்தையில் வாங்குவார் இல்லை.

கிராமத்துக்கு வரும் வழிகள்

நகரத்து ஆற்றில் விட்ட மீன் கிராமத்து ஏரிக்கு எவ்வாறு வரும்? அடையாறு காஞ்சிபுரம் மாவட்டப் பகுதியின் ஏரிகளிலிருந்து வழியும் நீரால் உருவாகிச் சென்னைக்குள் நுழைகிறது. பெருவெள்ளத்தில் ஏரி, கால்வாய், ஆறு எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் நாம் அதைக் கண்கூடாகக் கண்டோம். அப்போது மீன் எந்தத் திசையிலும் செல்லும். மேலும், கிராமங்களிலுள்ள வண்ணமீன் பண்ணைகளின் தொட்டிகள் மழையில் நிரம்பி வழிந்தால் மீன் வாய்க்காலில் இறங்கிவிடும். வெளியிலிருந்து வாங்கும் மீன் குஞ்சுகளோடு கலந்து வருவதும் உண்டு.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஏரிக்கும் கோயில் குளத்துக்கும் அருகில், "வீட்டில் வளர்த்த மீனை இங்கு விடாதீர்" என்று பலகை வைக்கவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தால் அவர்களே வீட்டுக்கு எடுத்துச் செல்வார்கள்.

இரண்டாவதாக, மீன் குத்தகை விடும்போது, குஞ்சுகளை நம்பகமான பண்ணையிலிருந்தே வாங்கவும், விடுமுன் சாக்கில் கொட்டிப் பார்த்து அயல் மீனைப் பொறுக்கி விலக்கவும் குத்தகைதாரரிடம் நிபந்தனை விதிக்கலாம்.

மூன்றாவதாக, வண்ணமீன் பண்ணை வைத்திருப்போர் தொட்டிகளுக்கு வலை மூடி போடவும், நீர் வெளியேறும் குழாயில் நெருங்கிய கம்பி வலை பொருத்தவும், தாழ்வான இடத்தில் தொட்டி கட்டாமலிருக்கவும் அறிவுறுத்தவேண்டும். இதில் பகை கொள்ள ஏதுமில்லை. தொழில் நிலைப்பதற்கும் இதுவே வழி.

நான்காவதாக, வலையில் கவசக் கெளுத்தி அகப்பட்டால் மீண்டும் நீரில் எறியலாகாது. கரையில் போட்டுவிட்டுச் செல்வதும் போதாது. மழை வந்தால் அது உயிர்பெற்று இறங்கிவிடும். இறந்ததை உறுதி செய்துகொண்டு, கரைக்கு அப்பால் குழி தோண்டிப் புதைக்கவேண்டும். கழிவு கலந்த நீரில் பிடித்ததை உண்பது உடலுக்கு நல்லதன்று. கோடையில் ஏரி வற்றும் காலமே இதைக் களைய ஏற்ற பருவம். அப்போது கரையிலுள்ள வளைகளையும் தோண்டிப் பார்த்து, மண்ணிட்டுக் கெட்டிக்கவேண்டும்.

ஐந்தாவதாக, 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் பன்முகத்தன்மை மேலாண்மைக் குழு இயங்கவேண்டும். ஊரிலுள்ள உயிர்களைக் குறித்து ஒரு மக்கள் பதிவேடு எழுதவேண்டும். இச்சட்டத்தைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் அலுவலகம், அடையாற்றுக்கு அருகில் தரமணியிலேயே உள்ளது. பதிவேட்டில் அயிரை, ஆரால், விரால், கெளுத்தி, பனையேறிக் கெண்டை என்று ஊர் முதியோர் அறிந்த மீன்களையெல்லாம் எழுதுவதோடு, புதிதாகப் புகுந்த மீனைக் கண்ட நாளையும் இடத்தையும் குறித்து மீன்வளத் துறைக்குத் தெரிவிக்கவேண்டும். மார்ச் 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் இதைப் பேசுவது மிகவும் பொருத்தமாகும்.

தொட்டியில் மீன் வளர்ப்போருக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடியைத் துலக்க ஒரு மீன் வேண்டுமென்றால், ஒன்றரை அடி வளர்வதை வாங்காமல், அரையடிக்குள் அடங்கும் சாட்டைவால் மீனை வாங்கலாம். கடைக்காரரிடம் பெயரையும், முழு வளர்ச்சியில் அதன் நீளத்தையும் கேட்டறியவேண்டும். வளர்க்க இயலாத மீனை, வளர்க்க இயன்ற மற்றொருவரிடம் ஒப்படைக்கவேண்டும். சாட்டைவால் மீனாயினும் அதன் இடம் தொட்டியே, ஏரி அல்ல.

மாம்பலத்து ஏரியை நகரம் இழந்தது, அதை மீட்பதற்கில்லை. நம் கிராமத்து ஏரிகள் இன்னும் நம் கையில் உள்ளன. நீரைக் காப்பதோடு அந்நீரில் வாழும் மீன்களையும் காப்பது பஞ்சாயத்தின் கடமையாகும். கரையைக் காவல் காக்கும் கண், வாளியோடு வருபவரையும் கவனிக்கட்டும்; அவரிடம் கடிந்துகொள்ளாமல், இதமாகக் காரணத்தை எடுத்துச் சொல்லித் திருப்பி அனுப்பட்டும்.